ஓராயம் எந்தப் பக்கம்? வாலைப் பாருங்கள்

தரவுகள் நடுவின் இருபுறமும் சமமாகப் பரவாமல் ஒரு பக்கம் நீண்டு கிடப்பதைத்தான் ஓராயம் என்கிறோம். உயர்தரப் பிள்ளைகளிடம் நேர் ஓராயமுள்ள வளையியைக் காட்டி, இது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கேட்டால் பலர் குவியல் இருக்கிற பக்கத்தைத்தான் காட்டுவார்கள். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான். குவியலை விடுங்கள், வளையி மெலிந்து நீளுகிற வாலைப் பாருங்கள். வால் வலப்பக்கம் நீண்டால் நேர் ஓராயம், இடப்பக்கம் என்றால் மறை, அதாவது எதிர் ஓராயம்.

நிலாவெளிப் பக்கம் ஒரு கரைவலையின் ஏழு நாள் மீன்பாடு, கிலோவில், இப்படி என்று வைத்துக்கொள்வோம்: 12, 15, 15, 18, 20, 22, 150. கடைசி நாள் பாரை மீன் கூட்டமொன்று வலையில் சிக்கிவிட்டது. கூட்டினால் 252, இடை, அதாவது சராசரி, 36. ஆனால் அந்த ஏழு நாளில் ஒருநாள்கூட 36 கிலோவுக்குக் கிட்ட வரவில்லையே! வலை இழுத்தவரிடம் "சராசரி 36" என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். வரிசைப்படுத்தினால் நடுவில் இருக்கும் இடையம் 18, அதிக தடவை வரும் ஆகாரம் 15. ஒரேயொரு 150 இடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது, இடையமோ அசையவில்லை; அந்த 150 ஐ 1500 ஆக்கினாலும் அது 18தான்.

சரி, இதை எண்ணாக்க கார்ல் பியர்சனின் வாய்பாடு போதும்: இடையிலிருந்து இடையத்தைக் கழித்து, 3 ஆல் பெருக்கி, பெறுமானங்கள் இடையைச் சுற்றி எவ்வளவு பரந்திருக்கின்றன என்று காட்டும் நியம விலகலால் வகுக்க வேண்டும். நியம விலகல் ஏறக்குறைய 46.6, ஆகவே 54 ஐ 46.6 ஆல் வகுக்க 1.16. நேர்ப் பெறுமானம், வால் வலப்பக்கம்.

இதையே எக்செலில் ஸ்கியூ (SKEW) சூத்திரம் போட்டால் 2.6 அளவில் காட்டும், பயந்துவிடாதீர்கள், அது விலகல்களை மூன்றாம் அடுக்குக்கு ஏற்றிப் பார்க்கிற வேறு கணக்கு. மூன்றாம் அடுக்கு ஏன் என்றால், குறி மாறாது, தூரத்தில் கிடக்கும் பெறுமானம் இன்னும் பெரிதாகத் தெரியும். இரண்டு முறை விடைகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக்கூடாது, அவ்வளவுதான்.

மறை ஓராயத்துக்கு இலேசான வினாத்தாள் ஒன்றை நினையுங்கள்: எல்லாரும் 80, 90 என்று எடுக்க, இரண்டு பேர் மட்டும் 20 இல் நிற்பார்கள்.

அப்புறம் ஒரு பொறி. பியர்சன் விடை 0 வந்ததும் சமச்சீர் என்று எழுதிவிடாதீர்கள். 0, 4, 5, 5, 11 என்பதில் இடையும் இடையமும் 5தான், ஆனால் ஒரு பக்கம் 5 தள்ளியும் மறுபக்கம் 6 தள்ளியும் முடிகிறது. அதனால் கணக்குக்கு முதல் புள்ளிகளைக் கொப்பியில் ஒருதரம் குறித்துப் பாருங்கள்.