மொபைலில் வருகிறது, லேப்டாப்பில் மட்டும் வரவில்லையா?

போன மாதம் ஒரு ராத்திரி ஸ்ரீரங்கத்திலிருந்து அக்கா கூப்பிட்டாள். "நெட்காரர் புது பாக்ஸ் மாட்டிட்டுப் போனார்டா. என் போன்ல வருது, டிவில வருது. என் பையன் லேப்டாப்ல மட்டும் நம்ம வைஃபை பேரே காட்டமாட்டேங்குது." மறுநாள் காலை பத்து மணிக்குப் பையனுக்கு ஆன்லைனில் இன்டர்வியூ. லேப்டாப் பத்து வருடப் பழசு. போய்விட்டது என்றே முடிவு கட்டியிருந்தார்கள். போனிலேயே சொல்லிச் சொல்லி முக்கால் மணி நேரத்தில் சரிசெய்தோம். அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. ரூட்டரின் (நெட்காரர் மாட்டிய அந்த பாக்ஸ்தான்) பின்னால் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். அதுதான் ரீசெட். தயவுசெய்து அதில் குத்தாதீர்கள். சுவிட்சை அணைத்து, ஒரு நிமிடம் விட்டுப் போடுவது வேறு, ரீசெட் வேறு. ரீசெட் செய்தால் நெட்காரர் போட்டுவைத்த யூசர்நேம் முதற்கொண்டு அழிந்துபோகலாம். அப்புறம் வீட்டில் யாருக்குமே நெட் இருக்காது, அவர் வந்து மறுபடி போட்டுக்கொடுக்கும்வரை.

கோளாறு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க உங்கள் போனே போதும். அதில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பில் தேடிப் பாருங்கள். அக்கா வீட்டில் ஹாட்ஸ்பாட் பெயர் வந்தது, பக்கத்து வீட்டு வைஃபைகளும் வரிசையாக வந்தன. ஆக, லேப்டாப்பின் வைஃபை கார்டு (உள்ளே இருந்து வைஃபையைப் பிடிக்கும் பாகம்) நன்றாகத்தான் இருக்கிறது. நம் ரூட்டர் மட்டும்தான் அதன் கண்ணுக்குத் தெரியவில்லை.

இதற்கு இரண்டு காரணங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். புது ரூட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் பேசும். பழைய லேப்டாப்கள் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். ரூட்டரில் 2.4 அணைந்திருந்தால் பெயரே வராது. அக்கா வீட்டில் 2.4 ஆனில்தான் இருந்தது. அப்போது அடுத்த சந்தேகம், சேனல், அதாவது அந்த அலைவரிசைக்குள் ரூட்டர் பேசுகிற தடம்.

2.4-இல் நம் நாட்டில் 1 முதல் 13 வரை சேனல்கள் உண்டு. அமெரிக்காவில் 11 வரைதான் புழக்கம். அந்த ஊர்க் கணக்கில் அமைத்த வைஃபை கார்டு உள்ள லேப்டாப்புகள் 12, 13-ஐக் கவனிப்பதே இல்லை. போனோ எல்லாவற்றையும் பார்த்துவிடும்.

அக்காவைப் போன் பிரவுசரில் 192.168.1.1 என்று அடிக்கச் சொன்னேன். (சில ரூட்டர்களில் 192.168.0.1. ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் இந்த எண்ணும் லாகின் பாஸ்வேர்டும் பெரும்பாலும் இருக்கும்.) வயர்லெஸ் பகுதிக்குள் 2.4-ஐத் திறந்தால், சேனல் ஆட்டோ, இப்போது ஓடுவது 13. ஆட்டோவை எடுத்துவிட்டு 6 வைத்து சேவ் செய்யச் சொன்னேன். வீட்டு வைஃபை மொத்தமும் ஒரு நிமிடம் போனது. அப்புறம் பையனின் குரல்தான் முதலில் கேட்டது: "மாமா, வந்துடுச்சு!"

பெயர் தெரிந்தும் பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பக் கேட்டால், சேமித்த அந்த நெட்வொர்க்கை லேப்டாப்பில் ஃபர்கெட் கொடுத்துவிட்டு, கண் பொத்தானை அழுத்தி எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே மறுபடி அடியுங்கள். அப்போதும் மறுத்தால் ரூட்டரின் செக்யூரிட்டி (வைஃபையைப் பூட்டிவைக்கும் முறை) டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருக்கிறதா பாருங்கள். பழைய லேப்டாப்புக்கு டபிள்யூபிஏ2 வேண்டும்.

ஹாட்ஸ்பாட்டும் தெரியவில்லை, வைஃபை ஐகானே காணோம் என்றால் கோளாறு லேப்டாப்பில். ஏரோப்ளேன் மோடு கைபட்டு ஆன் ஆகியிருக்கலாம், அதை முதலில் பாருங்கள். இல்லையென்றால் லேப்டாப்பை முழுதாக அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதையும் கழற்றி, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். காணாமல்போன கார்டு இதிலேயே திரும்பி வந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். டிரைவர் (கார்டை இயக்கும் சாஃப்ட்வேர்) போட வேண்டியிருந்தால், போனை யுஎஸ்பி கேபிளில் செருகி, போனின் நெட்டைக் கேபிள் வழியே பகிரும் டெதரிங்கை ஆன் செய்யுங்கள். லேப்டாப்புக்கு நெட் கிடைத்துவிடும்.

இணைந்தும் பக்கம் திறக்கவில்லையென்றால் லேப்டாப்பின் ஐபி எண்ணைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரூட்டர் அதற்கு முகவரி கொடுக்கவில்லை. இரண்டையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள். தேதி, நேரம் தப்பாக இருந்தாலும் தளங்கள் திறக்காது. விண்டோஸின் நெட்வொர்க் ரீசெட்டைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் எல்லாம் அதில் போய்விடும்.

கார்டே செத்துவிட்டது என்றாலும் லேப்டாப்பை மாற்ற வேண்டாம். கட்டைவிரல் அளவு யுஎஸ்பி வைஃபை அடாப்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கும்போது 5 கிகாஹெர்ட்ஸும் பிடிக்குமா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள்.