சூப்பர்வைசர் போஸ்ட்டா, ரெண்டாவது குழந்தையா: எனக்கு முடிச்சு அவிழ்ந்த கதை

மூணு வாரமா சரியா தூக்கமில்ல. கோயம்புத்தூர்ல வேற ஆஸ்பத்திரில நர்சிங் சூப்பர்வைசரா கூப்பிட்டாங்க, வீட்லயோ இந்த வருஷம் ரெண்டாவது குழந்தைனு முடிவு, புது இடத்துல ஒரு வருஷம் முடிஞ்சாத்தான் பிரசவ லீவுனு எல்லா அக்காவும் அடிச்சு சொல்றாங்க. அத்தைகிட்ட கேட்டேன், நோட்ல ரெண்டு பக்கம் எழுதிப் பார்த்தேன், ஒண்ணும் வேலைக்கு ஆகல.

அப்புறம் சட்டத்தையே எடுத்துப் படிச்சேன். பிரசவ தேதிக்கு முந்தின 12 மாசத்துல அங்க 80 நாள் வேலை பார்த்திருந்தா போதும், 26 வாரம் சம்பளத்தோட லீவு. காலண்டர்ல எண்ணினா, சேர்ந்த மாசமே நாள் தள்ளிப்போனாகூட 80 தாராளமா தாண்டிடுது!

அங்க இருக்கற ஒரு சிஸ்டரோட டூட்டி சார்ட்டையும் வாங்கிப் பார்த்தேன். நைட் ஒண்ணுகூட இல்ல, ஆனா யாராவது லீவு போட்டா ஆள் பிடிக்க ராத்திரி 2 மணிக்கும் போன் வருமாம். அந்த போனை வாரத்துல எத்தனை நாள் நான் எடுக்கணும்னு மட்டும் எழுதி வாங்கிட்டு கையெழுத்து போட்டேன்.