இருவர் மட்டும் செல்லும் குளிர்காலப் படகுப் பயணம்: பிஸ்கேன் விரிகுடாவில் முதல் மூன்று நாட்கள்

கிறிஸ்துமஸ் விடுமுறையில் கணவனும் மனைவியுமாக ஒரு பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்துக் கரையோரமாகவே சுற்றிவர விரும்புவோருக்கு, மயாமிக்குத் தெற்கே கிடக்கும் பிஸ்கேன் விரிகுடா நல்ல தொடக்கம். புயல் பருவம் நவம்பர் 30-உடன் முடிந்துவிடுகிறது, மழையும் குறைவு. கிழக்கே தீவுகளும் மணல்திட்டுகளும் வரிசையாக இருப்பதால் அட்லாண்டிக்கின் பேரலை பெரும்பாலும் உள்ளே வருவதில்லை. ஆனால் குளிர்காலத்துக்கே உரிய காற்று ஒன்று இங்கே உண்டு. அதை அறியாமல் புறப்படக் கூடாது.

முதலில் சான்றிதழ். 1988 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள், 10 குதிரைத்திறனும் அதற்கு மேலும் உள்ள எஞ்சின் படகை ஃபுளோரிடாவில் ஓட்டுவதற்குப் படகுப் பாதுகாப்புக் கல்விச் சான்று வைத்திருக்க வேண்டும். ஒருவர் பெற்றால் போதுமே என்று எண்ணாமல் இருவரும் பெற்றுக்கொள்ளுங்கள். சுக்கான் பிடிப்பவர் தண்ணீரில் விழுந்துவிட்டால், எஞ்சினை இயக்குவதும், பாயை இறக்குவதும், விஎச்எஃப் வயர்லெஸ்ஸில் 16-ஆம் சேனலில், உயிராபத்தை அறிவிக்கும் அழைப்பான "மேடே" என்பதை மூன்று முறை சொல்லி, இருக்கும் இடத்தைச் சொல்வதும் மற்றவர் தனியாகச் செய்ய வேண்டிய வேலைகளாகிவிடும். கரையில் கட்டியிருக்கும்போதே இவற்றை இருவரும் மாறி மாறிச் செய்து பழகுங்கள்.

படகைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் அடிப்பகுதி நீருக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கேளுங்கள். விரிகுடாவின் பெரும்பகுதி இரண்டு மூன்று மீட்டர் ஆழமே உள்ளது. ஆகவே ஒன்றேகால் மீட்டரளவே இறங்கும் படகு புதியவர்களுக்கு ஏற்றது.

அடுத்தது காற்று. இந்தப் பயணத்தில் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியவற்றுள் தலையாயது இதுதான். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து குளிர்முகம் (குளிர்ந்த காற்றுத்திரளின் முன்விளிம்பு) ஒன்று இறங்கிவரும்போது, தென்கிழக்கிலிருந்து வீசிக்கொண்டிருந்த காற்று கடிகார முள் சுற்றும் திசையிலேயே தெற்கு, தென்மேற்கு, மேற்கு, வடமேற்கு என்று மாறி, கடைசியில் வடக்கிலிருந்து பலமாக வீசும். சோழகம் (தென்காற்று), கச்சான் (மேல்காற்று), வாடை (வடகாற்று) என்று நம் கடற்கரை மக்கள் பெயரிட்டு அழைக்கும் காற்றுகள், பருவம் பருவமாக வராமல், ஒரே நாளில் அடுத்தடுத்து வந்துபோவதாக நினைத்துக்கொள்ளலாம். விரிகுடாவின் கிழக்கு ஓரத்தில் உள்ள எலியட் தீவின் மேற்குக் கரையோரம் கிழக்குக் காற்றுக்கு அருமையான மறைவிடம். ஆனால் காற்று மேற்கே திரும்பியதும், விரிகுடாவின் முழு அகலத்தையும் கடந்து வரும் அலை படகின் மீது மோதும், கரையோ படகின் முதுகுப் பக்கம் வந்துவிடும். எங்கள் முதல் பயணத்தில் அந்த மாற்றம் நள்ளிரவில் நேர்ந்தது. விடியும்வரை இருவரும் கண் மூடவில்லை. ஆகவே வானிலை ஒலிபரப்பை காலையும் மாலையும் கேளுங்கள். இப்போது வீசும் காற்றுக்கு அல்ல, இரவு வரப்போகும் காற்றுக்கு மறைவான இடத்தைத் தேடுங்கள். குளிர்முகம் வரும் என்றால், கீ பிஸ்கேன் தீவின் தென்முனையில் 1825-இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கத்துக்கு அருகே, கரை சூழ்ந்து குறுகிய வாய் கொண்ட நோ நேம் துறைக்கு முந்திய பகலிலேயே போய்விடுங்கள். இரவு தங்க அனுமதி உண்டா என்பதை மட்டும் அத்துறை அமைந்துள்ள மாநிலப் பூங்காவில் முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இனி நங்கூரம். ஒருவர் அணியத்திலும் (படகின் முன்முனை) மற்றவர் சுக்கானிலும் நிற்கும்போது எஞ்சின் சத்தத்தில் பேச்சு கேட்காது. கத்தத் தொடங்கினால் மனவருத்தம்தான் மிஞ்சும். முன்னே, பின்னே, நிறுத்து, போதும் என்ற நான்குக்கும் கைச்சாடைகளை முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நீர் கருத்துத் தெரியும் இடம் கடற்புல், வெளுத்துத் தெரியும் இடம் மணல். புல்லில் நங்கூரம் சரியாகப் பிடிப்பதில்லை, புல்லும் வேரோடு பிய்ந்துபோகிறது. ஆகவே மணலிலேயே இறக்க வேண்டும். நீர் இரண்டரை மீட்டர், கடல் ஏற்றத்தில் கூடுவது ஏறத்தாழ 0.6 மீட்டர், நீர்மட்டத்திலிருந்து அணியத்தின் உயரம் ஒரு மீட்டர் என்றால், மொத்தம் 4.1 மீட்டர். பலமான காற்று எதிர்பார்க்கும் இரவில் அதைப்போல் ஏழு மடங்கு, அதாவது சுமார் 29 மீட்டர் சங்கிலியும் கயிறும் விட வேண்டும். படகைக் காற்றின் முகமாக நிறுத்தி, நங்கூரத்தை வீசாமல் தரை தொடும்வரை மெல்ல இறக்கி, படகு தானாகப் பின்வாங்கும்போது சங்கிலியை விட்டுக்கொண்டே வாருங்கள். முழுவதும் விட்டதும் எஞ்சினை மெதுவாகப் பின்னோக்கி இயக்கச் சொல்லி, சங்கிலியின் மேல் உள்ளங்கையை வையுங்கள். கடகடவென்று அதிர்ந்தால் நங்கூரம் இழுபடுகிறது, மீண்டும் தூக்கிப் போடுங்கள். இறுகி, அதிர்வில்லாமல் நின்றால் பிடித்துவிட்டது. பிறகு கரையில் இரண்டு மரங்களை ஒரே கோட்டில் குறித்துக்கொண்டு அரைமணி நேரம் கவனியுங்கள். இரவில் எல்லாத் திசையிலும் தெரியும் வெள்ளை விளக்கு எரிய வேண்டும்.

டிசம்பர் இறுதியில் இங்கே மாலை 5.40 மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். ஐந்து நாட் (மணிக்கு ஐந்து கடல் மைல்) வேகத்தில் செல்லும் படகு இரண்டு மணி நேரத்தில் பத்துக் கடல் மைல்தான் போகும். எனவே நீரின் நிறம் தெளிவாகத் தெரியும் பிற்பகல் மூன்று மணிக்கே தங்குமிடம் சேரும்படி நாளைத் திட்டமிடுங்கள்.

திரும்பும் நாளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குளிர்முகம் கடந்த பிறகு வாடை இரண்டொரு நாள் விடாமல் வீசும், எலியட் தீவிலிருந்து மயாமிக்குத் திரும்பும் வழியோ வடக்கு நோக்கியது. எதிர்காற்றில் அவசரமாகக் கிளம்ப நேராதபடி, வேலைக்குத் திரும்பும் நாளுக்கு முன் ஒரு நாளை வெறுமையாக விட்டு, அதற்கும் சேர்த்துக் குடிநீரும் உணவும் ஏற்றிக்கொள்ளுங்கள்.