நின்னு போன எஸ்டி பைக்கை மறுபடி ரோட்டுக்கு கொண்டு வர

வருஷக்கணக்குல நின்ன எஸ்டி ரோட்கிங்கை எடுத்தவுடனே கிக் அடிக்காதீங்க, ஸ்பார்க் பிளக்கை கழட்டி அந்த ஓட்டைல கொஞ்சம் டூடி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) ஊத்தி ஒரு ராத்திரி விட்டுட்டு, காலைல கிக் லிவரை கையால மெதுவா அமுக்கி பாருங்க, பிஸ்டன் வழுக்கிட்டு போனா பாதி கவலை தீந்துச்சு. டேங்க் துரு, கார்புரேட்டர் ஜெட் ரெண்டையும் கிளீன் பண்ணிருங்க. முக்கியமா கிராங்க் ஆயில் சீல் (இன்ஜினுக்குள்ள சுத்துற கிராங்க் ஷாஃப்டை சுத்தி இருக்குற ரப்பர் வளையம்), நின்ன வண்டில ரப்பர் காஞ்சு கல்லு மாதிரி ஆயிருக்கும், அது வழியா காத்து இழுத்தா மிக்சர் லீன் ஆகி (காத்து கூடி பெட்ரோல் கம்மியாகி) பிஸ்டன் ஜாம் ஆயிரும், அதனால பாக்க நல்லா இருந்தாலும் மாத்திருங்க. பாயிண்ட் கேப் (ஸ்பார்க்குக்கு கரண்டை வெட்டி விடுற காண்டாக்ட் பாயிண்ட்டோட இடைவெளி) 0.4 மி.மீ. வைங்க. லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி டூடி ஆயில் கலந்தே ஊத்தணும். பிரேக் ஷூ, டயர் புதுசு போடுங்க. இந்த வண்டியை செஞ்ச பழைய கம்பெனி 1996லயே மூடியாச்சு, அதனால 15 வருஷம் தாண்டின ஆர்சியை ஆர்டிஓல புதுப்பிச்சுட்டு ஓட்டுங்க.