ஸ்கீ பூட்ஸ்: குதிகாலைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது

ஸ்கீ என்கிற பனிச்சறுக்கு கற்றுக்கொள்ள வருகிறவர்கள் "திருப்பமே வரமாட்டேங்குது" என்று சொன்னால் நான் முதலில் குனிந்து அவர்களுடைய பூட்ஸைப் பார்ப்பேன். முழங்காலை மடக்குங்கள், முன்னால் சாயுங்கள், எடையை வெளிப்பக்கக் காலுக்குக் கொண்டுபோங்கள் என்று நான் நாள் முழுக்கச் சொல்லலாம். உள்ளே குதிகால் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் அதில் எதுவுமே ஸ்கீயின் விளிம்புவரை போய்ச் சேராது. காம்பு ஆடுகிற சுத்தியலால் ஆணி அடிப்பது போலத்தான் அது.

வலித்தால் பூட்ஸை இறுக்கிப் பூட்டும் பக்கிளைத் தளர்த்துவது எல்லோருக்கும் வருகிற பழக்கம். பல நேரம் வலியை வளர்ப்பதே அதுதான். குதிகாலுக்குப் பிடிப்பு இல்லாவிட்டால் பாதம் முன்னால் வழுக்கும், பெருவிரல் முன்சுவரில் மோதி நகம் கறுத்துப்போகும். வழுக்காமல் இருக்க விரல்கள் தாமாகவே சுருண்டு பிடிமானம் தேடும், கொஞ்ச நேரத்தில் உள்ளங்கால் சதை இழுத்துக்கொள்ளும். வேறு சிலர் புறங்காலுக்கு மேலே இருக்கிற பக்கிளை முழுப் பலத்தோடு இறுக்கிக் குதிகாலை நிறுத்தப் பார்ப்பார்கள். அங்கே தோலை ஒட்டியே நரம்பும் ரத்தக்குழாயும் போகின்றன. விரல்கள் மரத்து, பிறகு குளிர்ந்துபோகும். கறுத்த நகம், பிடித்துக்கொண்ட உள்ளங்கால், மரத்த விரல் என்று மூன்று பேர் மூன்று விதமாக முறையிடுவார்கள். பூட்ஸைக் கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் மூன்று பேருக்குமே பூட்ஸ் பெரிதாக இருக்கும்.

அதனால் திருப்புளியை எடுப்பதற்கு முன்னால் அளவைச் சரிபாருங்கள். குதிகாலைச் சுவரில் ஒட்டிவைத்து, எடையை அந்தக் காலில் போட்டு நின்று, நீளமான விரல்நுனிவரை அளந்துகொள்ளுங்கள். சென்டிமீட்டரில் வருகிற அந்த எண்தான் மாண்டோபாயிண்ட் அளவு. இரண்டு காலையும் அளக்க வேண்டும். ஒன்றுக்கொன்று கொஞ்சம் வித்தியாசம் இருப்பது இயல்பு. ஷெல் என்கிற பிளாஸ்டிக் வெளிக்கூட்டைப் பெரிய காலுக்குத் தேர்ந்தெடுத்து, சின்னக் காலின் பக்கம் இடத்தைக் குறைத்துக்கொள்ளலாம். இன்னொன்று: பெரும்பாலான பூட்ஸில் 26, 26.5 இரண்டுக்கும் ஷெல் ஒன்றேதான். அரை அளவு கூட்டி வாங்கினால் நீளம் கிடைக்கும் என்று நம்பி ஏமாற வேண்டாம்.

இப்போது ஷெல்லுக்குள் இருக்கிற மெத்தையான உள்ளுறையை, அதாவது லைனரை, உருவி வெளியே வையுங்கள். மெல்லிய சாக்ஸோடு வெறும் ஷெல்லுக்குள் காலை விட்டு, விரல் முன்சுவரை லேசாகத் தொடும்வரை நகர்ந்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக்கொள்ளுங்கள். குதிகாலுக்கும் பின்சுவருக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது? 1.5 முதல் 2 செ.மீ. இருந்தால் பெரும்பாலோருக்குப் பொருந்தும். பந்தயத்துக்குப் போகிறவர்கள் 1 செ.மீ. அளவுக்கு இறுக்கமாக எடுப்பார்கள். 2.5 செ.மீ.-ஐத் தாண்டினால் நான் சரிசெய்ய முயல்வதே இல்லை, வேறு ஷெல் பாருங்கள் என்று சொல்லிவிடுவேன். "இரண்டு விரல் இடம்" என்ற பேச்சுவழக்குக் கணக்கு யாருடைய விரல் என்பதைப் பொறுத்தது. நான் 15 மி.மீ. தடிமனுள்ள உருண்டைக் குச்சி ஒன்றைப் பையிலேயே வைத்திருக்கிறேன். அதை விட்டுப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

அகலம் லாஸ்ட் என்ற பெயரில் மில்லிமீட்டரில் எழுதியிருக்கும். 97, 98 என்றால் ஒல்லி, 100 நடுத்தரம், 102-க்கு மேல் அகலம். ஆனால் அது முன்பாதத்தின் அகலம் மட்டும்தான், அதுவும் வழக்கமாக 26.5 அளவுள்ள பூட்ஸில் எடுத்தது. புறங்காலின் உயரத்தையோ குதிகாலின் ஒல்லியையோ அந்த எண் சொல்லாது.

சாக்ஸ் விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. மெல்லியது, முழங்கால்வரை வருவது, ஒன்றே ஒன்று. இரண்டு போட்டால் நடுவில் மடிப்பு விழும், வியர்வை தேங்கும், கால் இன்னும் குளிரும். உள்ளே போடுகிற தெர்மல் பேன்ட்டை பூட்ஸின் வாய்க்கு மேலேயே நிறுத்திவிடுங்கள். கணைக்கால் எலும்புக்கும் பூட்ஸின் முன்பக்க மடலான நாக்குக்கும் நடுவில் சிக்கிய ஒரு தையல் போதும், சாயங்காலம் முன்னங்கால் சிவந்து வீங்கியிருக்கும்.

மாட்டுகிற முறைதான் எனக்கு உயிர். இரவு முழுக்க வண்டியில் குளிர்ந்து கிடந்த பூட்ஸின் பிளாஸ்டிக் விறைத்திருக்கும், அதனால் முதலில் வெதுவெதுப்பான அறையில் வைத்திருங்கள். எல்லாப் பக்கிளையும் திறந்து, நாக்கை முன்னால் இழுத்துப் பிடித்துக் காலை உள்ளே விடுங்கள். பிறகு குதிகாலைத் தரையில் நாலைந்து முறை நன்றாகத் தட்டி, எழுந்து நின்று, முழங்காலை முன்னால் தள்ளுங்கள். குதிகால் தன் குழிக்குள் போய் உட்காருவது தெரியும். அந்த நிலையிலேயே மேலே உள்ள இரண்டு பக்கிள்களை முதலில் போடுங்கள். கஃப் என்கிற மேல்பகுதி கணைக்காலைப் பின்னால் தள்ளிப் பிடித்துக்கொள்ளும், குதிகால் எழும்ப வழியிருக்காது. அதன் பிறகு பூட்ஸின் உச்சியில் சுற்றிக் கட்டும் பட்டையான பவர் ஸ்டிராப். அதை அலங்காரப் பட்டை மாதிரி தொங்கவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். மேல்விளிம்பில் காலுக்கும் நாக்குக்கும் இடைவெளி விழாமல் காப்பது அதுதான். புறங்கால் பக்கிள் அடுத்தது, கடைசியில் விரல் பக்கிள். அந்தக் கடைசிப் பக்கிள் ஷெல் ஆடாமல் மூடி நின்றால் போதும், அதற்கு மேல் பக்கிள் மாட்டும் பட்டையில் ஒரு பல்கூட இறுக்காதீர்கள்.

ஒரு பல் மாறினால் தாங்கவில்லை, முந்தைய பல்லில் தொளதொளவென்று இருக்கிறது என்றால் பக்கிளின் கம்பி வளையத்தைப் பாருங்கள். பெரும்பாலான பூட்ஸில் அதைத் திருகலாம். ஒரு பக்கம் திருகினால் நீளும், மறுபக்கம் திருகினால் குறையும். இரண்டு பற்களுக்கு இடையிலான நுட்பமான இறுக்கம் அங்கேதான் கிடைக்கும். கெண்டைக்கால் பருத்தவர்களுக்கு மேல் பக்கிள் எட்டாவிட்டால், பற்கள் உள்ள பட்டையைத் திருகு கழற்றி வேறு துளைக்கு நகர்த்தும் வசதி பல மாடல்களில் உண்டு.

இனி சோதனை. நிமிர்ந்து நிற்கும்போது விரல்கள் முன்சுவரைத் தொடலாம். முழங்காலை மடக்கிச் சாய்ந்தால் தொடுவது விலக வேண்டும். முன்விரல்களில் எழும்பப் பாருங்கள், குதிகால் கூடவே எழுந்தால் பிடிப்பு போதாது. வீட்டிலேயே இருபது நிமிடம் மாட்டிக்கொண்டு நடமாடினால் சூடேறிய லைனர் காலுக்கு வழிவிடும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இறுக்கம் என்றால் கவலை வேண்டாம், அது இளகும். ஒரு புள்ளியில் மட்டும் சுருக்கென்று குத்தினால் தானாகச் சரியாகும் என்று விடாதீர்கள்.

அந்தப் புள்ளியைக் கண்டுபிடிக்க எளிய வழி லிப்ஸ்டிக். சுண்டுவிரல் மூட்டோ, கணுக்கால் எலும்போ, எது உறுத்துகிறதோ அதற்கு நேரே லைனரின் வெளிப்பக்கம் பூசி, ஷெல்லுக்குள் நுழைத்து மாட்டிக் கழற்றினால் ஷெல்லின் உள்சுவரில் அச்சு விழுந்திருக்கும். பூட்ஸைக் காலுக்குப் பொருத்தித் தரும் பூட் ஃபிட்டரிடம் அந்த அச்சைக் காட்டுங்கள். அவர் அங்கே மட்டும் சூடாக்கி வெளியே தள்ளிவிடுவார். ஹீட் கன் வாங்கி நீங்களே செய்யக் கிளம்ப வேண்டாம், உருகி வளைந்த ஷெல்லை மீட்க முடியாது.

நிற்கும் கோணத்துக்கு வருவோம். கணுக்கால் பக்கத்தில் இருக்கிற திருகு கஃபின் பக்கவாட்டுச் சாய்வை மாற்றுவதற்கானது. எல்லா பூட்ஸிலும் அது அசையும் என்று சொல்ல முடியாது, சிலவற்றில் அது திருக முடியாத வெறும் ரிவெட்தான். லைனருக்குள் பாதத்துக்கு அடியில் வைக்கும் பாதப்படுகையை முதலில் வையுங்கள், அது கணுக்காலின் கோணத்தையே மாற்றிவிடும். பிறகு லைனர் இல்லாமல், இடுப்பகல இடைவெளியில் நின்று, காலுக்கும் கஃபுக்கும் நடுவில் உள்பக்கமும் வெளிப்பக்கமும் எவ்வளவு இடம் என்று வேறு யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். நீங்களே குனிந்தால் கால் நகர்ந்துவிடும். இரண்டு பக்கமும் சமமாகும்வரை திருகைத் தளர்த்திக் கஃபை நகர்த்தி மறுபடி இறுக்குங்கள். வலதுக்கு வந்த அளவை இடதுக்கு அப்படியே வைக்காதீர்கள். கஃப் சரியான பிறகும் ஸ்கீ தட்டையாகப் படியாமல் ஒரு விளிம்பிலேயே ஓடினால், அடிப்பாகத்தையே சில டிகிரி சாய்த்துச் செதுக்க வேண்டிவரும். அது ஃபிட்டரின் வேலை.

முன்சாய்வுக்குப் பின்பக்கத்தில் ஸ்பாய்லர் என்ற சின்னப் பட்டையோ ஒரு திருகோ இருக்கும். கெண்டைக்கால் தடித்தவர்களை பூட்ஸ் ஏற்கெனவே முன்னால் தள்ளும். அதோடு ஸ்பாய்லரும் சேர்ந்தால் தொடை எரிய ஆரம்பிக்கும், கழற்றிவிடலாம். எல்லாம் பூட்டிய நிலையில் உட்காரப் போனால் பின்னால் சாய்கிறவர்களுக்குப் பெரும்பாலும் கணுக்கால் போதுமான அளவு மடங்காது. லைனருக்கு அடியில் குதிகாலுக்குக் கீழே 3 முதல் 6 மி.மீ. ஆப்பு வைத்தால் நல்ல வித்தியாசம் தெரியும். புறங்காலும் கொஞ்சம் உயரும் என்பதால் அந்தப் பக்கிளைக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்.

முன்னால் வளைவதில் பூட்ஸ் எவ்வளவு விறைப்பு என்று சொல்லும் ஃப்ளெக்ஸ் எண்ணுக்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒரு கம்பெனியின் 100 இன்னொரு கம்பெனியின் 100 ஆகாது. அறையில் மிருதுவாக வளைகிற பூட்ஸ் பனியில் விறைக்கும். பின்னால் கழற்றக்கூடிய போல்ட் இருந்தால், ஒன்றை எடுத்துவிட்டுச் சறுக்கிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

பூட்ஸ் வேறாகியிருந்தாலோ, அடிப்பாகத்தை நடக்க வசதியான கிரிப்வாக் வகைக்கு மாற்றியிருந்தாலோ, சறுக்கப் போவதற்கு முன்னால் பூட்ஸை ஸ்கீயோடு பூட்டும் பைண்டிங்கை டெக்னீஷியனிடம் காட்டியே ஆக வேண்டும். குதிகால் பக்கம் ஷெல்லில் மில்லிமீட்டரில் பொறித்திருக்கும் அடிநீளம், உங்கள் எடை, உயரம், வயது, சறுக்கும் விதம் எல்லாம் சேர்ந்துதான், பைண்டிங் எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்பதைக் குறிக்கும் டின் எண் முடிவாகிறது. உள்ளே கால் ஆடுவதைப் பார்த்து, பைண்டிங்தான் தளர்வு என்று நினைத்து அந்த எண்ணைக் கூட்டாதீர்கள். விழும்போது ஸ்கீ கழன்றுகொள்ளாமல் முழங்கால்தான் திருகும்.