டீப் டிஷ்யூ மசாஜ்: முதல் தடவை போகிறவர்களுக்கு

நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன் நான். ஆறு வருடங்களுக்கு முன், வலது தோள்பட்டை இறுக்கம் தாங்காமல் முதல் தடவை டீப் டிஷ்யூ மசாஜுக்குப் போனேன். அழுத்த அழுத்தத்தான் குணமாகும் என்று நினைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பல்லைக் கடித்துப் படுத்திருந்தேன். மறுநாள் முதுகு கன்றிப்போய்விட்டது. சட்டை மாட்டக் கையைத் தூக்க இரண்டு நாள் ஆயிற்று. அந்தத் தவறை நீங்கள் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சாதாரண எண்ணெய் மசாஜில் கை தோலின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். இதில் மேல்தசையைத் தாண்டி, அடியில் இருக்கும் தசையையும் அதைச் சுற்றிய சவ்வையும் மெதுவாக அழுத்தி நீவுவார்கள். கை வழுக்கக் கூடாது என்பதால் எண்ணெயும் கொஞ்சமாகத்தான் தடவுவார்கள்.

படி 1: உங்களுக்கு ஏற்றதா என்று பாருங்கள்

இந்தப் படியை மட்டும் தயவுசெய்து தாண்டாதீர்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலிக்கிறதா? அது சுளுக்காக இல்லாமல் ரத்தக்கட்டாகவும் இருக்கலாம். அங்கே அழுத்தினால் கட்டி நகர்ந்து நுரையீரலில் போய் அடைக்கலாம், உயிருக்கே ஆபத்து. மசாஜை விட்டுவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

வார்ஃபரின் போல ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் போகக் கூடாது. பல வருடச் சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களும் அப்படித்தான். அழுத்தம் அதிகமானால் அவர்களுக்கு அது தெரியவே தெரியாது. காய்ச்சல் இருந்தால் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

படி 2: எதை எதிர்பார்க்கலாம்

தசை இறுக்கம் தளரும், கழுத்து இன்னும் கொஞ்சம் திரும்பும், அன்றிரவு நல்ல தூக்கம் வரும். கீழ் முதுகு வலியைப் பற்றி 2015-இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு (பல மருத்துவ ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து எடைபோடுவது), மசாஜால் கொஞ்ச காலத்துக்கு வலி குறையலாம், ஆனால் அதற்கான சான்று வலுவாக இல்லை என்றது. அதனால் நடையையும் உடற்பயிற்சியையும் விட்டுவிடாதீர்கள். ‘உடம்பிலுள்ள நச்செல்லாம் வெளியேறும்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் தினமும் செய்துகொண்டுதான் இருக்கின்றன.

படி 3: படுப்பதற்கு முன் பேசுங்கள்

முறையாகப் படித்த பிசியோதெரபிஸ்ட்டாகவோ மசாஜ் பயிற்சி பெற்றவராகவோ தேடுங்கள். நல்ல ஆள் என்றால் கை வைக்கும் முன்பே உங்கள் நோய், மருந்து எல்லாம் விசாரிப்பார். எதுவும் கேட்காமல் ‘படுங்க சார்’ என்றால் நான் எழுந்து வந்துவிடுவேன். முதல் தடவை உடம்பு முழுக்க வேண்டாம். முதுகும் தோளும் போதும்; அரை மணி நேரம் தாராளம். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டும் போகாதீர்கள்.

படி 4: மூச்சைக் கவனியுங்கள்

முதல் ஐந்து பத்து நிமிடம் லேசாகத்தான் நீவுவார்கள். தசை சூடேற வேண்டும். அப்புறம் கட்டைவிரலோ முழங்கையோ முதுகெலும்புக்குப் பக்கவாட்டில் அங்குலம் அங்குலமாக நகரும். இறுகிய இடம் வந்ததும் அங்கேயே நிற்கும். தேர்ந்த கை அங்கே குத்தாது, காத்திருக்கும். சில விநாடிகளில் அந்த இடம் வெண்ணெய் போல இளகுவது உங்களுக்கே தெரியும்.

பத்துக்கு எத்தனை வலி என்று மனதுக்குள் மார்க் போடுங்கள். ஆறைத் தாண்டினால் ‘கொஞ்சம் குறைங்க’ என்று சொல்லிவிடுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறீர்கள், கை தானாக மூடிக்கொள்கிறது என்றால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். வலிக்குப் பயந்து தசை எதிர்த்து இறுகும். பிறகு எவ்வளவு அழுத்தியும் பயனில்லை. என் விஷயத்தில் நடந்தது அதுதான். சுருக்கென்று மின்சாரம் பாய்ந்த மாதிரியோ மரத்துப்போவது மாதிரியோ இருந்தால் அது நரம்பு. உடனே நிறுத்தச் சொல்லுங்கள். கழுத்தின் முன்பக்கம், பக்கவாட்டில் நாடி துடிக்கும் இடத்தில் ஆழமாக அழுத்த விடவே கூடாது.

படி 5: முடிந்த பிறகு

சட்டென்று எழுந்தால் சிலருக்குத் தலை சுற்றும். ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள். ஓரிரு நாள் லேசான வலி இருப்பது சகஜம். வெந்நீரில் குளித்து, கொஞ்சம் நடந்தால் சரியாகிவிடும். சிறுநீர் கறுத்துப் போனாலோ, மூச்சுத் திணறினாலோ, கை கால் பலம் குறைந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

படி 6: வீட்டில் ஒரு டென்னிஸ் பந்து

மாதாமாதம் போய்வரக் காசு எல்லோரிடமும் இருக்காது. சுவரில் சாய்ந்து நின்று, தோள்பட்டை எலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் உள்ள சதையில் பந்தை வையுங்கள். முதுகெலும்பு மேல் வைக்கக் கூடாது. பாதங்களை ஒரு அடி முன்னால் நகர்த்தினால் அழுத்தம் கூடும். சுவரை ஒட்டி வந்தால் குறையும். வலிக்கும் இடம் கிடைத்ததும் அசையாமல் நின்று, மெதுவாக மூச்சை விடுங்கள். ஓர் இடத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அப்புறம் முழங்காலை லேசாக மடக்கினால், பந்து அடுத்த இடத்துக்குத் தானே உருண்டு போகும்.