பூஜ்யம் கீழே விழுந்த சீட்டு: கட்டளை வரியில் வெளியீட்டைச் சோதிப்பது எப்படி?

பண்ருட்டியில் என் மாமா முந்திரிப் பருப்பு வாங்கி விற்கிறார். 2011 டிசம்பரில் தானே புயல் தோப்பைச் சாய்த்துவிட்டுப் போன பிறகு, மரத்தை நம்புவதைக் குறைத்துக்கொண்டு யாவாரத்தில் இறங்கியவர். அவர் கடையில் ஒரு பழைய மடிக்கணினியும் அதில் உபுண்டு என்ற லினக்ஸும் உண்டு, பக்கத்தில் இரண்டு அங்குலச் சுருளில் பில் அடிக்கும் குட்டி பிரிண்டர். அந்தச் சீட்டுக்கான நிரலை எழுதிக் கொடுத்தது நான். திருப்பாதிரிப்புலியூரில் உட்கார்ந்துகொண்டு போனிலேயே சொல்லிச் சொல்லித் தட்ட வைத்தேன்.

நான்கு மாசம் ஒரு குறையும் இல்லை. ஒருநாள் போன்: "என்னடா மாப்ள, பூஜ்யம் ஒண்ணு தனியா கீழ விழுந்து கெடக்கு?"

அன்றைக்குப் போனது 1400 கிலோ, கிலோ 760 ரூபாய். மொத்தம் 1064000. சீட்டில் 106400 என்று ஒரு வரி, அடுத்த வரியின் தொடக்கத்தில் ஒற்றைப் பூஜ்யம். வாங்க வந்தவரின் கணக்குப்பிள்ளை ஒரு லட்சத்துச் சொச்சம் என்று எழுதிக்கொண்டார். நல்ல மனுஷன், அவரே சந்தேகப்பட்டுக் கேட்டதால் தப்பித்தோம்.

இந்தத் தப்பைப் பத்து நிமிஷச் சோதனையில் பிடித்திருக்கலாம். அந்தச் சோதனையை இங்கே படிப்படியாகச் செய்து பார்க்கலாம்.

ஒரு ஏற்பாடு: கட்டளைகளைப் போனில் மாமாவுக்குச் சொன்ன மாதிரியே, காதில் விழுகிறபடி தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். குறிகளும் எண்களும் இடைவெளிகளும் இருக்கிறபடியே. கோப்புப் பெயர்களை மட்டும் தமிழிலேயே வைக்கலாம், உபுண்டு முகம் சுளிக்காது. விண்டோஸ்காரர்கள் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) போட்டுக்கொண்டால் எல்லாம் அப்படியே ஓடும்.

படி 1: சீட்டை எழுதுவோம்

எக்கோ கட்டளை கொடுத்ததை அப்படியே துப்பும். நெடுவரிசை பிடித்து அடிக்க வேண்டுமானால் பிரிண்ட்எஃப் வேண்டும்: பி, ஆர், ஐ, என், டி, எஃப். 'சீட்டு' என்று ஒரு கோப்பு திறந்து இந்த ஒரு வரியை எழுதிச் சேமியுங்கள்:

பிரிண்ட்எஃப் '%-14எஸ் %4டி %5டி %6டி\என்' "$1" "$2" "$3" "$(($2*$3))"

எஸ் என்றால் எழுத்து, டி (டெல்லியின் டி) என்றால் முழு எண். நடுவில் இருக்கும் எண் எத்தனை கட்டம் ஒதுக்க வேண்டும் என்பது. கழித்தல் குறி போட்டால் இடப்பக்கம் ஒட்டும், போடாவிட்டால் வலப்பக்கம். கடைசியில் \என் என்பது வரி முடிவு. $1, $2, $3 மூன்றும் நாம் கொடுக்கப்போகும் தரம், கிலோ, விலை. இரட்டை அடைப்புக்குள் இருப்பது பெருக்கல்.

முந்திரித் தரத்தை எண்ணால்தான் சொல்வார்கள். 320 என்றால் ஒரு பவுண்டு எடைக்கு அதிகபட்சம் 320 பருப்பு நிற்கும் என்று அர்த்தம். எண் குறைய, பருப்பு பெரிசு, விலை ஜாஸ்தி.

டெர்மினலைத் திறந்து ஓட்டிப் பாருங்கள். பாஷ் (பி, ஏ, எஸ், ஹெச்) என்பது கோப்பில் இருக்கும் கட்டளைகளை ஓட்டும் நிரல்:

பாஷ் சீட்டு 240 50 860

வரி அழகாக வரும். இதைப் பார்த்துத்தான் நானும் "ஆச்சு மாமா" என்று போனை வைத்தேன்.

படி 2: அளவுகோல் வையுங்கள்

58 மில்லிமீட்டர் சுருள் பிரிண்டர்களில் வழக்கமான எழுத்தளவில் ஒரு வரிக்கு 32 எழுத்து. நான் ஒதுக்கியதைக் கூட்டிப் பாருங்கள்: 14, 4, 5, 6, நடுவில் மூன்று இடைவெளி. சரியாக 32. ஆனால் திரையில் ஒரு வரி 32-ஆ 33-ஆ என்று கண்ணால் சொல்ல முடியாது. அதனால் மேலே ஒரு எண் வரிசையை அடித்துக்கொள்ளுங்கள்:

```
12345678901234567890123456789012
240              50   860  43000
320            1400   760 1064000
```

மூன்றாவது வரியைக் கவனியுங்கள். கோலைத் தாண்டி ஒரு பூஜ்யம் நீட்டிக்கொண்டு நிற்கிறது. திரையில் எவ்வளவோ இடம் இருப்பதால் அங்கே தெரியாது. பிரிண்டருக்கு இடம் கிடையாது, அது கீழே தள்ளிவிடும்.

நான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தது இதைத்தான். %6டி என்றால் ஆறு கட்டத்துக்குமேல் போகாது என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஆறு என்பது குறைந்தபட்சம். ஏழு இலக்கம் வந்தால் ஏழையும் அடித்து, மற்றதை வலப்பக்கம் தள்ளும். எழுத்தாக இருந்தால் %-14.14எஸ் என்று புள்ளி வைத்து வெட்டலாம். எண்ணை வெட்டக் கூடாது, வெட்டவும் செய்யாது. அதுவும் நல்லதுக்குத்தான், பணத்தை எவன் வெட்டச் சொல்வான்?

கோல் வைக்க அலுப்பாக இருந்தால், நீளமான வரியின் அகலத்தை மட்டும் டபிள்யூசி என்ற எண்ணும் கட்டளையிடம் கேட்கலாம். நடுவில் இருக்கும் | குறி ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததுக்கு அனுப்பும். எல் பெரிய எழுத்து:

பாஷ் சீட்டு 320 1400 760 | டபிள்யூசி -எல்

33 என்று பதில் வரும். 32-க்குமேல் எது வந்தாலும் தப்பு.

படி 3: எதிர்பார்ப்பைக் கையால் எழுதுங்கள்

இதில் அவசரப்படாதீர்கள். 'எதிர்பார்ப்பு' என்று ஒரு கோப்பு. வெளியீடு எப்படி இருக்க வேண்டுமோ அதை நீங்களே, இடைவெளி எண்ணி, அதில் தட்டுங்கள். நிரலை ஓட்டி வந்ததை அப்படியே அதில் கொட்டிவிட ஆசை வரும். எனக்கும் வந்தது, செய்தேன். தப்பான வெளியீடே எதிர்பார்ப்பாக உட்கார்ந்துகொண்டது, அதற்கப்புறம் சோதனை தினமும் 'சரி' என்றே சொன்னது. திருடனிடமே சாவியைக் கொடுத்த கதை.

இன்னொன்று, எந்த எண்ணை வைத்துச் சோதிப்பது? சாதாரண நாளின் எண் போதாது. மாமாவிடம் இப்போது இப்படிக் கேட்கிறேன்: "இதுவரை போன பெரிய லோடு எவ்வளவு? சின்னது எவ்வளவு?" அந்த இரண்டும், கிலோ பூஜ்யம் வந்தால் என்ன ஆகும் என்ற மூன்றாவதும். இந்த மூன்றும் போதும்.

சீட்டைத் திருத்துவோம். தரத்துக்கு 14 கட்டம் எதற்கு, 13 போதும். மிச்சமான ஒரு கட்டத்தைத் தொகைக்குக் கொடுக்கலாம்: '%-13எஸ் %4டி %5டி %7டி\என்'. மொத்தம் அதே 32. எதிர்பார்ப்பு கோப்பில் இருக்க வேண்டியது:

```
320           1400   760 1064000
240             50   860   43000
240              0   860       0
```

படி 4: டிஃப்பிடம் விடுங்கள்

டிஃப் (டெல்லியின் டி, ஐ, எஃப், எஃப்) இரண்டு கோப்புகளை வரிவரியாக ஒப்பிடும் கட்டளை. 'சோதனை' என்று மூன்றாவது கோப்பு:

பாஷ் சீட்டு 320 1400 760 > வந்தது
பாஷ் சீட்டு 240 50 860 >> வந்தது
பாஷ் சீட்டு 240 0 860 >> வந்தது
டிஃப் எதிர்பார்ப்பு வந்தது && எக்கோ சரி

ஒற்றை > போட்டால் கோப்பைத் துடைத்துவிட்டு எழுதும், இரட்டை >> கடைசியில் சேர்க்கும். முதல் வரிக்கு மட்டும் ஒற்றை. மறந்து இரட்டை போட்டால் நேற்றைய மிச்சமும் ஒட்டிக்கொண்டு வரும்.

பாஷ் சோதனை என்று தட்டுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் டிஃப் வாயே திறக்காது, 'சரி' மட்டும் விழும். வேறுபட்டால் 1சி1 மாதிரி ஒன்று வரும்: முதல் வரி மாறியிருக்கிறது என்று பொருள். < என்று தொடங்கும் வரி நீங்கள் எழுதியது, > என்று தொடங்குவது நிரல் அடித்தது. திரும்ப சீட்டில் %6டி என்று மாற்றி ஒரு தடவை வேண்டுமென்றே தோற்க வையுங்கள். தோற்காத சோதனையை நான் நம்புவதில்லை.

படி 5: இரண்டும் ஒன்றுபோலத் தெரிகிறதே, பிறகு ஏன் சண்டை?

டிஃப் வித்தியாசம் என்கிறது, கண்ணுக்கோ இரண்டு வரியும் அச்சு அசல். கண்ணுக்குத் தெரியாதது ஏதோ இருக்கிறது. கோப்பைத் திரையில் காட்டும் கேட் கட்டளையால் (ஆங்கிலப் பூனையின் எழுத்துகளேதான்) இப்படிப் பாருங்கள், ஏ பெரிய எழுத்து:

கேட் -ஏ எதிர்பார்ப்பு

ஒவ்வொரு வரியும் எங்கே முடிகிறதோ அங்கே ஒரு $ வரும். எண்ணுக்கும் $-க்கும் நடுவே சந்து தெரிந்தால் வால் இடைவெளி விட்டிருக்கிறீர்கள். ^ஐ என்று வந்தால் இடைவெளிப் பட்டைக்குப் பதில் டேப் அழுத்தியிருக்கிறீர்கள். ^எம்$ என்று வந்தால் கோப்பை விண்டோஸ் நோட்பேடில் எழுதியிருக்கிறீர்கள். அது வரி முடிவில் கூடுதலாக ஒரு குறியைச் செருகும். அதை எடுக்க (டிஆரில் வருவது டேப்பின் டி, -டி என்பது டெல்லியின் டி):

டிஆர் -டி '\ஆர்' < எதிர்பார்ப்பு > புதிது

பிறகு புதிது என்பதை எதிர்பார்ப்பு என்று பெயர் மாற்றிக்கொள்ளுங்கள். மாக் கணினியில் கேட்டுக்கு -ஏ கிடையாது, -விஇடி (இதுவும் டேப்பின் டி) போடுங்கள்.

கொசுறு: எல்எஸ் கட்டளை திரையில் பல நெடுவரிசையாகக் காட்டும், அதையே கோப்புக்கு அனுப்பினால் வரிக்கு ஒரு பெயராகத் தரும். வெளியீடு எங்கே போகிறது என்று பார்த்துத் தன் உருவத்தை மாற்றிக்கொள்ளும் கட்டளைகள் இப்படிச் சில உண்டு. திரையில் பார்த்ததை எதிர்பார்ப்பாக எழுதினால் அங்கே ஏமாறுவீர்கள்.

படி 6: 8, 9 தேதிகளில் மட்டும் வரும் பேய்

சீட்டில் தேதி வேண்டும் என்றார் மாமா. 05 என்று இரண்டு இலக்கமாக வரட்டும் என்று %02டி போட்டேன். ஒரு வாரம் ஓடியது. 8-ஆம் தேதி காலை தேதி 00 என்று அடித்தது. 9-ஆம் தேதியும் அப்படியே, 10-ஆம் தேதி தானாகச் சரியாகிவிட்டது. பேய் பிடித்த மாதிரி.

காரணம் எளிது. முன்னால் பூஜ்யம் வைத்த எண்ணைப் பாஷ் எட்டடிமான எண்ணாக எடுத்துக்கொள்ளும். எட்டடிமானத்தில் 8, 9 என்ற இலக்கங்களே கிடையாது. 07 வரை தப்பிக்கும், 08 வந்ததும் திணறிப் பிழைச் செய்தி சொல்லிவிட்டு 0 அடிக்கும். அந்தப் பிழைச் செய்தி வேறு வாய்க்காலில் போவதால் > போட்ட கோப்பில் விழாது. சோதனையில் 2>&1 என்று வரிக் கடைசியில் சேர்த்தால் இரண்டும் ஒரே கோப்பில் சேரும், டிஃப்பும் பிடித்துவிடும். திருத்தம்: டேட் கட்டளையே 08 என்று இரண்டு இலக்கமாகத்தான் தருகிறது, அதை எண்ணாக்காமல் %எஸ் என்று எழுத்தாகவே அடித்துவிடுங்கள்.

ஆனால் இன்றைய தேதி உள்ள வெளியீடு நாளைக்கு எதிர்பார்ப்போடு ஒத்துப்போகாது. தேதியை நிரலுக்கு உள்ளே எடுக்காமல் வெளியிலிருந்து $4 ஆகக் கொடுங்கள். சோதனையில் 08 என்று நிலையாகக் கொடுத்துவிடலாம்.

படி 7: தமிழ்ப் பெயர் போட்டால்

பிரிண்டரில் தமிழ் எழுத்துரு இல்லை, ஆனால் திரையில் ஊர்வாரியாகப் பட்டியல் கேட்டார் மாமா. %-20எஸ் போட்டுப் புதுச்சேரி, பண்ருட்டி, கடலூர் மூன்றையும் அடித்தேன். நெடுவரிசை கெடிலம் ஆறு மாதிரி வளைந்து வளைந்து போனது.

இதைத் தட்டிப் பாருங்கள்:

பிரிண்ட்எஃப் கடலூர் | டபிள்யூசி -சி
பிரிண்ட்எஃப் கடலூர் | டபிள்யூசி -எம்

முதலாவது 18 என்று சொல்லும், இரண்டாவது 6. நம் கண்ணுக்கு நான்கே எழுத்து: க, ட, லூ, ர். கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் லூ என்பது லகரமும் துணைக்குறியும், ர் என்பது ரகரமும் புள்ளியும், ஆக ஆறு குறி. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட், ஆக 18. பாஷின் பிரிண்ட்எஃப் அகலம் கணக்கிடுவது பைட்டை வைத்து. புதுச்சேரியும் பண்ருட்டியும் கண்ணுக்கு ஐந்தைந்து எழுத்துதான், பைட்டில் 30-உம் 27-உம். 20 கட்டம் கேட்ட இடத்தில் இரண்டுமே நிரம்பி வழிகின்றன, கடலூருக்கு மட்டும் இரண்டு இடைவெளி ஒட்டுகிறது. எப்படி நேராக நிற்கும்?

இதைச் சரிக்கட்ட என்னென்னவோ செய்யலாம். நான் செய்தது ஒன்றே: எண்களை முன்னால் வைத்து ஊர்ப் பெயரைக் கடைசி நெடுவரிசைக்குத் தள்ளினேன். கடைசியில் இருப்பதற்கு அகலம் தேவையில்லை, வெறும் %எஸ் போதும்.

தமிழை டிஃப்பில் ஒப்பிடும்போது இன்னொரு பள்ளம் உண்டு. ஒரு பட்டியலில் 'கொள்ளிடம்' மட்டும் தோற்றுக்கொண்டே இருந்தது. கொ-வில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு தனி கால் தனி என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்று. டபிள்யூசி -சி போட்டபோது ஒன்று 27 என்றது, மற்றது 30. எதிர்பார்ப்பு கோப்பில் அந்தச் சொல்லை அழித்துவிட்டு, சரக்குப் பட்டியல் தட்டிய அதே விசைப்பலகையில் மறுபடி தட்டினேன். 'சரி' விழுந்தது.